மாவில்லாத கேக்கும் மதியப் பந்தியும்

என் மகளின் கை நடுங்குவதைப் பார்த்த பிறகு, குழம்பு வாளியைக் கீழே வைக்காமல் நான் எவ்வளவு நேரம் நின்றிருந்தேன்?

ஒரு நிமிஷம்கூட இருக்காது என்கிறார் என் கணவர். அவர் அப்போது வாசலில் மழைக்காகக் கட்டியிருந்த தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிய வழியில்லை. என் மாமியாருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நடுக்கத்தைக் கவனித்தபோது பந்தியில் மூன்றாவது இலையருகே இருந்தேன். வாளி என் கையை விட்டுப் போனபோது ஏழாவது இலையருகே இருந்தேன். நடுவில் நான்கு பேருக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு எலும்பில்லாத துண்டாகத் தேடிப் போட்டதுகூட நினைவிருக்கிறது. தேடுவதற்கு எனக்கு நேரம் இருந்திருக்கிறது.

அது 2005ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ். அவளுக்கு அப்போது ஐந்தரை வயது.

மரக்காணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம் குத்தகையில் இருக்கிறது. மாமனார் இறந்த பிறகு அதை மாமியார்தான் பார்த்துவந்தார். காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நடப்பார், ஆட்களை அதட்டுவார், லாரிக்காரர்களிடம் பேரம் பேசுவார். கணவருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நான் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். அதற்குப் பிறகு வீடு, மகள், மாமியார் சொல்லும் வேலை. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு யாராவது ஒருவர் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும். நானே முடிவெடுத்தால் பிறகு நான்கு நாளைக்கு அது சரியா தப்பா என்று அரித்துக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் கோடையில் மகள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, உவர்ப்பு. குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் ஒருவேளை வருவதுதான். அதைக் குடம் குடமாகப் பிடித்து வைப்போம். அவள் சொம்பு சொம்பாக மொண்டு குடித்ததைப் பார்த்து மாமியார் சத்தம் போட்டார். விளையாட்டுக்குக் குடிக்கிறாள் என்று நானும் இரண்டு அடி வைத்தேன். பத்து நாளில் எலும்பு தெரிந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளுக்குப் பேச்சே குழறியது. சர்க்கரை நோய், குழந்தைகளுக்கு வருகிற வகை, ஆயுள் முழுக்க ஊசி என்று டாக்டர் சொன்னார். போன டிசம்பரில் சுனாமி அலை வந்தபோது பயந்ததால்தான் என்றார் மாமியார். நான் தண்ணீருக்காக அடித்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாமியார் கதவைச் சாத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னார். இது இந்த வாசலைத் தாண்டக் கூடாது. பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு யார் கேட்டு வருவார்கள்? அதிலும் முக்கியமாக என் நாத்தனாருக்குத் தெரியக் கூடாது. நாத்தனார், கணவரின் அக்கா, சென்னையில் இருக்கிறார். இரண்டு பையன்கள். பெரியவனுக்குத்தான் என் மகள் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே மாமியார் சொல்லிவைத்திருந்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சா என்று படித்தவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் அது விளையாட்டும் இல்லை, முடிவும் இல்லை. மாமியாருக்கு அது ஒரு பிடி, அவ்வளவுதான். சென்னைக்குப் போன தன் மகள் விட்டுப்போகாமல் இருக்க அந்தப் பேச்சு வேண்டியிருந்தது.

கணவர் மறுநாள் வழக்கம்போல் பஸ் ஏறினார். நான் ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் ஊறுகாய் டப்பாவுக்குள் வைத்தேன். சிரிஞ்சும், ரத்தம் பார்க்கிற மெஷினும், குளுக்கோஸ் பாக்கெட்டும் பீரோவில், சாவி போட்டு. மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஊசி போடுவது நமக்கும் ஆயாவுக்கும், அதாவது என் மாமியாருக்கும், அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அந்த வயதில் ரகசியம் என்றால் பிடிக்கத்தானே செய்யும்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் பிள்ளைகளோடு வருவதாகப் போன் வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தட்டு வரும். முறுக்கு, கல்கல், அதிரசம், கேக். வருகிற தட்டை மூடியிருக்கும் துணியை முதலில் திறப்பது பிள்ளைகள்தான். மற்ற பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும்போது என் மகள் மட்டும் கை கட்டி நின்றால் நாத்தனார் கேட்க மாட்டாரா? தின்னவிட்டால் அவள் கதி என்ன? அவளை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பண்டிகையன்று மருமகள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று மாமியார் கேட்பார். கேட்காவிட்டாலும் நானே கேட்டுக்கொள்வேன்.

வழி ஒரு பஸ்ஸில் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்ப்பவள். பேச்சுவாக்கில், அங்கே தங்குகிற வெள்ளைக்காரர்கள் சிலர் மாவும் சர்க்கரையும் தொடுவதில்லை என்றும், அவர்களுக்காகப் பாதாம் பொடியிலேயே சாக்லேட் கேக் செய்வதாகவும் சொன்னாள். மைதா ஒரு பிடிகூடக் கிடையாது. முட்டை, வெண்ணெய், கோகோ பவுடர், பாதாம். பார்த்தால் சாதாரணக் கேக் மாதிரியேதான் இருக்கும் என்றாள்.

பார்த்தால் சாதாரணக் கேக் மாதிரியே இருக்கும் என்பதில்தான் என் மனம் நின்றது. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

அத்தனை பாதாமுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் நிலக்கடலைக்குப் பஞ்சமில்லை. கடலையை லேசாக வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தேன். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கிக் களிம்பாகிவிடும். சல்லடையில் சலித்தால் பொடி கிடைத்தது. இனிப்புக்கு மெடிக்கலில் விற்கும் சின்ன மாத்திரைகள். முட்டையின் வெள்ளையைத் தனியே நுரைக்க அடித்தேன், கை கழன்றுவிடும்போல் இருந்தது.

எங்களிடம் ஓவன் இல்லை. பழைய குக்கரில், கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் வளையம் வைத்து, அதன்மேல் கேக் டப்பாவை வைத்து மூடிச் சுடவைப்பார்கள். ஊரெல்லாம் செய்வதுதான். மற்ற ஊரில் கடையிலிருந்து தூள் உப்பு வாங்குவார்கள். எங்களுக்கு என்ன, பின்கட்டில் கீற்று போட்டு மூடிய குவியலே கிடக்கிறது. முறத்தில் அள்ளிவந்து கொட்டினேன்.

அது களத்திலிருந்து வந்த கல் உப்பு, போதாததற்கு மழைக்காலம். ஐந்து நிமிஷத்தில் குக்கருக்குள் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம். பிறகு பட்டாசு மாதிரி. மூடியே குதித்தது. பயந்துபோய் அடுப்பை அணைத்துத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கல்லும் வெடித்துச் சிதறிக் கேக்கின்மேல் விழுந்து பதிந்திருந்தது. ஆவி அடித்து நடுவில் களியாகிவிட்டது. உப்புக் கல்லுக்குள் துளி உவர்நீர் அடைபட்டிருக்கும், சூடேறினால் வெடிக்கும் என்று பதினோராம் வகுப்புக்கு நானே சோதனைக் குழாயில் செய்து காட்டியிருக்கிறேன்.

மாமியார் சத்தம் கேட்டு வந்தார். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்பு காய்ச்சற ஊட்டு மருமவ. உப்ப வறுத்துட்டுப் போடணும்னு தெரியல. இன்னா படிச்சியோ."

ஒரு விரலால் ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்தார். முகம் சுளித்தார்.

"இத மாட்டுக்கு வையி. மாடும் யோசிக்கும்."

கோபமில்லை. அவருக்கு என்னைக் கேலிசெய்வது பிடிக்கும், எனக்கும் அது பழகிவிட்டது. மறுநாள் உப்பை வாணலியில் போட்டுச் சடசடப்பு அடங்கும்வரை வறுத்துவிட்டு மறுபடி செய்தேன். இந்த முறை மேலெழும்பி வந்தது. வெட்டினால் உள்ளே ஈரமாக, கருப்பாக, நிஜமாகவே கேக். இனிப்பு சூட்டில் கொஞ்சம் செத்துப்போய், நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கியது. கோகோவின் கசப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். மகள் ஒரு துண்டு தின்றாள். மறு துண்டு கேட்டாள். ஏழு மாதமாக அவள் எதையும் மறு துண்டு கேட்கும்படி நான் கொடுக்கவில்லை. அடுப்பங்கரையில் நின்று அழுதேன். மாமியார் அதற்கும் ஒரு யோசனை சொன்னார். மற்றவர்களுக்கு மைதா கேக்கையும் அதே டப்பாவில், அதே அளவில் செய்துவிடு. இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அப்படியே செய்தேன். அந்த யோசனையில் எனக்கே ஒரு பெருமைகூட இருந்தது.

இன்னொரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் தண்ணீர். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் வரப்பு கட்ட, பாத்தி மிதிக்க ஆள் வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ஆட்கள் வேறு வேலைக்கோ வேறு முதலாளியிடமோ போய்விடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியம் ஆட்களுக்குச் சாப்பாடு. அதற்கு வந்து உட்கார்ந்தவர்கள் அடுத்த பருவத்துக்கும் எங்களிடமே வருவதாகப் பொருள். யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை, இலையில் உட்காருவதே வாக்கு. வீட்டுப் பெண்கள்தான் பரிமாற வேண்டும். கடைசி ஆள் கை கழுவும்வரை வீட்டில் ஒருவரும், பிள்ளைகள்கூட, சாப்பிடக் கூடாது. மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். போன வருஷப் பண்டிகைக்கு மறுநாள் அலை வந்து, உப்பளமெல்லாம் சேறும் மணலுமாகி, சில ஆட்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அதனால் இந்த வருஷம் எத்தனை பேர் வருவார்கள் என்று மாமியாருக்கு உள்ளுக்குள் உதறல். வெளியே காட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எனக்குச் சொன்னது வேறு. காலை ஊசி போட்டதும் சாப்பாடு. பதினொரு மணிக்கு ஏதாவது சிற்றுணவு. பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு. ஊசி உள்ளே போய்விட்டால் அது வேலை செய்துகொண்டே இருக்கும், அதற்குத் தீனி வேண்டும் என்றார். நேரம் தவறினால் சர்க்கரை இறங்கும். ஏறினால் உடனே ஒன்றும் ஆகிவிடாது, இறங்கினால் நிமிஷத்தில் ஆளைத் தள்ளிவிடும். எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். ஆனாலும் ஏழு மாதமாக நான் ஏறுவதைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். இனிப்பு, மாவு, அரிசி, எல்லாவற்றையும் எதிரியாகப் பார்த்துப் பார்த்து, மறுபக்கம் ஒன்று இருப்பதே மங்கிவிட்டது.

அன்று காலை ஊசி போட்டு இட்லி கொடுத்தேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊசி. பதினொரு மணிக்குத் தட்டுகள் வர ஆரம்பித்தன. பிள்ளைகள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாத்தனார் பையன்களுக்கு மைதா கேக், என் மகளுக்கு அவள் கேக். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று துண்டு தின்றாள். பெரியவன் தன் துண்டை நீட்டியபோது, "எனக்குப் போதும்டா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். நாத்தனார் சிரித்தார். மாமியார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரியது அதுதான்.

வழக்கமாகப் பதினொரு மணிக்கு நான் கொடுப்பது இரண்டு பிஸ்கட், அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். அன்று கேக் சாப்பிட்டுவிட்டாள் என்று அதை விட்டுவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் வரத் தாமதமானது. பன்னிரண்டரை ஆனது. மகளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு உள்ளே வைத்துக் கொடுத்துவிடலாமா என்று மாமியாரின் காதில் கேட்டேன். அவர் கூடத்தைக் கண்ணால் காட்டினார். நாத்தனார் பையன்கள் பசிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டிருந்தார்கள், நாத்தனார் அவர்களை அதட்டி உட்காரவைத்திருந்தார். இவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்பார்தானே. கேக் தின்றாளே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று துண்டு கேக். என் கையால் செய்தது. மாவும் சர்க்கரையும் இல்லாத அதில் தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை என்பது, அதைச் செய்தவளுக்கே மறந்துபோயிற்று.

ஒரு மணி தாண்டித்தான் பந்தி உட்கார்ந்தது. மாமியார் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். முதலில் நாத்தனார் பாயசம், பின்னால் மாமியார் சோறு, நான் குழம்பு. மகள் தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்தபோது அவள் மேலுதட்டில் வியர்வை தெரிந்தது. மழைநாள். மடியில் இருந்த கை, குளிரில் நடுங்குவது போல நடுங்கியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அதே நொடியில் தெரியவில்லை என்றும் ஆக்கிக்கொண்டேன். ராத்திரிப் பூசைக்கு விழித்திருந்தாள், தூக்கமாக இருக்கும். கேக்கில் போட்ட மாத்திரை ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்குமோ. ஒருவேளை ஏறியிருந்தால்? ஏறியிருக்கும்போது சர்க்கரையைக் கொடுத்தால்? மெஷினில் பார்த்தால் தெரிந்துவிடும். மெஷின் பீரோவில். பீரோ இருக்கும் அறையில் நாத்தனாரின் சாமான்கள். பந்தியின் நடுவில் வாளியை வைத்துவிட்டுப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அடுப்பங்கரையில் சர்க்கரை டப்பா இருந்தது, பத்தடி தூரம்கூட இல்லை. இவ்வளவையும் யோசித்துக்கொண்டே அடுத்த இலைக்கு ஊற்றினேன். அதற்கடுத்த இலைக்கும்.

ஏழாவது இலையில் உட்கார்ந்திருந்தது எங்கள் களத்தில் உப்பை வாரிக் குவிக்கும் வாருபலகை இழுக்கிற ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அவள் புருஷனும் எங்களிடம்தான் வேலை செய்தார், அன்று வரவில்லை. அவள் என் வாளியைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"யம்மா, கொழந்தைக்கு ஒடம்புல சக்கர எறங்குது. இன்னா நிக்கிற?"

நான் திரும்புவதற்குள் மகள் தூணோடு சரிந்துவிட்டாள். அந்தப் பெண் எழுந்து போய் அவளை மடியில் சாய்த்தாள். எச்சில் கை, எச்சில் இலை, எதையும் யோசிக்கவில்லை. இலையில் ஊற்றியிருந்த பாயசத்தை விரலில் வழித்து மகளின் கன்னத்துக்குள் தடவினாள். மறுபடி தடவினாள். "முழுங்குடி கண்ணு, முழுங்கு." பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. என் கையிலிருந்த வாளியை யாரோ வாங்கினார்கள். நான் ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவையே எடுத்துவந்தேன். திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிஷத்தில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தம் வந்தது. தண்ணீர் கேட்டாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் இதேதான்," என்று அந்தப் பெண் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "ஊசி போட்டுக்கினு சோறு துன்னலன்னா இப்படித்தான் பூடும்."

நாத்தனார் பாயசக் கரண்டியோடு நின்றிருந்தார். "ஊசியா? இவளுக்கு என்ன ஊசி?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் பேசிவிட்டார். சாதாரணக் குரல்தான். "ராத்திரி பூசைக்கு முழிச்சது. காலையில சரியா சாப்பிடல. அதான் மயக்கம். இந்தப் பொம்பளைக்கு எல்லாமே தன் புருசன் நோயாட்டம்தான் தெரியும்."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். நம்பாமல், மகளின் பக்கத்தில் குந்தி, தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"செல்லம், அத்தைகிட்ட சொல்லு. உனக்கு ஊசி ஏதாவது போடுறாங்களா?"

மகள் முதலில் ஆயாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாயோரத்தில் இன்னும் பாயசம் ஒட்டியிருந்தது.

"இல்ல அத்தை," என்றாள். "எனக்குத் தூக்கம் வந்துச்சு."

அவ்வளவு சுத்தமான பொய்யை நான் எந்தப் பெரியவரிடமும் கேட்டதில்லை. சற்று முன்புதான் அவள் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். எங்கே போய்விட்டு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை எங்களைக் காப்பாற்றியது.

பந்தி முடிந்தது. ஆட்கள் கை கழுவிப் போனார்கள். மாமியார் ஒரு தட்டில் முறுக்கும் கேக்கும் வைத்துத் துணி போட்டு மூடி என் கையில் கொடுத்தார். அந்தப் பெண்ணின் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்றார். எதற்கு என்று சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது. மழை விட்டிருந்தது. நான் போனேன். போகும் முன் அடுப்பங்கரையில் யோசித்து, மீதியிருந்த கடலைக் கேக்கையும் தனியே பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

அவள் புருஷன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. உப்புத் தண்ணீரில் நின்ற புண் ஆறாமல்தான் அன்று வரவில்லையாம். பொட்டலத்தைக் கொடுத்து, இதில் சர்க்கரையும் மாவும் இல்லை, அவர் சாப்பிடலாம் என்றேன். அவர் ஒரு துண்டு மென்று பார்த்தார்.

"கடல முட்டாயில கடல மட்டும் இருக்குது, முட்டாயக் காணோம்," என்றார். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

அவளைத் தனியே அழைத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. நன்றி சொல்வதற்கு முன்பே அதைத்தான் கேட்டேன்.

அவள் தட்டிலிருந்ததைத் தன் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, தட்டைக் கழுவித் தந்தாள்.

"நான் ஆராண்ட சொல்லப்போறேன், வுடு. ஆனா இவுரு பாத்தியில வுயுந்தப்ப பக்கத்துல நின்ன ஆளுங்களுக்கெல்லாம் தெரியும், இன்னா பண்ணணும்னு. அதான் பொழச்சாரு. ஒம் பொண்ணு இஸ்கோலுக்குப் போவுதே, அங்க ஆருக்குத் தெரியும்?"

தட்டை வாங்கிக்கொண்டு வரப்பு வழியே நடந்தேன். இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர், உப்பளம் எங்கே முடிகிறது ஓடை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

நாத்தனார் மூன்றாம் நாள் கிளம்பினார். மறுபடி எதுவும் கேட்கவில்லை. போன் செய்யும்போது இப்போதெல்லாம் என் மகளைப் பற்றி விசாரிப்பது குறைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மாமியார் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்பார். தை மாதம் அந்தப் பெண் எங்கள் களத்துக்கே வேலைக்கு வந்தாள். என்னைப் பார்த்தால், "கொழந்த துன்னுச்சா?" என்று மட்டும் கேட்பாள். நேரத்துக்குத் தின்றாளா என்று பொருள்.

இது 2006 நவம்பர். மகள் இப்போது திண்டிவனம் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வேனில் போய் வருகிறாள். பதினொரு மணிக்குத் தின்ன டப்பாவில் சுண்டலும் பிஸ்கட்டும் வைக்கிறேன், கேக் வைப்பதில்லை. புத்தகப் பையின் உள்பையில் குளுக்கோஸ் இருக்கிறது. யாராவது கேட்டால் கோலத்துக்கு வைத்திருக்கும் மாவு என்று சொல்வாளாம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்தது. போன வாரம் வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தபோது எனக்குச் சாக்லேட் பிடிக்காது என்று சொல்லிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குச் சாக்லேட் என்றால் உயிர்.

அவளைப் பொய்யிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறேன். மறுகணமே, ஆறு வயதில் எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிற பிள்ளையாக ஆக்கிவிடுவேனோ என்றும் நினைக்கிறேன். கணவரிடம் கேட்டேன். அம்மா மனசு கஷ்டப்படும், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். எவ்வளவு நாள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாமியாருக்கு இந்த வருஷம் முட்டி வலி. வரப்பில் நடப்பதைக் குறைத்துவிட்டார். அவரை எதிர்த்து ஒன்றைச் செய்ய எனக்கு மனமும் இல்லை, பழக்கமும் இல்லை.

பள்ளியில் கிறிஸ்துமஸ் விழாவை ஒட்டிப் பிள்ளைகளை ஒருநாள் வெளியே கூட்டிப்போகிறார்களாம். வீட்டுக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. பெற்றோர் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: குழந்தைக்கு ஏதேனும் நோய் உண்டா, இருந்தால் எழுதவும். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு என்கிறார் மாமியார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். பென்சிலில் ஒருமுறை 'ஆம்' என்று எழுதி அழித்துவிட்டேன். அழித்த இடம் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு குழந்தையை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள், அல்லது வகுப்பில் இப்படி ஒரு குழந்தையை வைத்திருந்த ஆசிரியர்கள் இருப்பீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கடிதம் வராது என்று தெரியும். இந்தப் படிவம் போனால் இன்னொரு படிவம் வரத்தான் போகிறது. பள்ளியில் முதலில் யாரிடம் சொன்னீர்கள், தலைமையாசிரியரிடமா, வகுப்பு ஆசிரியரிடமா, வேனில் கூட வருகிற ஆயாம்மாவிடமா? ஒருவரிடம் சொன்னால் அது ஊருக்குள் வராமல் இருந்ததா? வந்தபோது வீட்டுப் பெரியவர்களை எப்படிச் சமாளித்தீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, ரகசியம் என்று நாமே சொல்லிக்கொடுத்ததை இனி சொல்லலாம் என்று அந்தக் குழந்தையிடம் எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள்? அந்த வார்த்தைகளை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.